ஈஜிபுராவை விட்டு நகராமல் ஆலப்புழையில் படகு விடுவது எப்படி?

படகு விடுமுறையைக் கெடுப்பது லேசான காரியமில்லை. தண்ணீர் தன்பாட்டுக்குக் கிடக்கும். காற்று தன்பாட்டுக்கு வீசும். கரையோரத் தென்னைகள் தன்பாட்டுக்கு நகர்ந்து போகும். மீன் பொரிந்து தட்டில் வரும். சும்மா உட்கார்ந்திருந்தாலே நன்றாகத்தான் இருக்கும். இத்தனை சாதகங்களையும் மீறி ஒரு விடுமுறையை நாசமாக்க உழைப்பு வேண்டும், ஒழுங்கு வேண்டும், குடும்பத்தாரின் ஒத்துழைப்பும் வேண்டும்.

கவலைப்படாதீர்கள். நீங்கள் பெங்களூர்க்காரர், அதிலும் ஈஜிபுராவாசி. முக்கால்வாசித் தேர்ச்சி ஏற்கெனவே இருக்கிறது. அதை வரிசைப்படுத்திக் கொடுப்பது மட்டுமே என் வேலை.

இலக்கு இதுதான்: சித்திரை பிறக்கும் வாரத்தில், வேம்பநாட்டுக் காயலில் ஒரு பகலும் ஓர் இரவும் மிதந்துவிட்டு, காயலைக் கண்ட சுவடே இல்லாமல் வீடு திரும்ப வேண்டும். திட்டம் மாறினால் குமுற வேண்டும். படகு பழுதானால் கொதிக்க வேண்டும். தொடங்கலாமா?

1. பாய்மரத்தைத் தவிர்த்துவிடுங்கள்

"பாய்மரப் படகுல ஒரு தடவை போகணும்" என்ற ஆசை உங்களுக்குப் பங்குனி வெயிலில் வந்திருக்கும். ஆசைப்படுங்கள், பக்கத்தில் போய்விடாதீர்கள். மைசூருக்கு அருகே கே.ஆர்.எஸ். அணையின் நீர்ப்பரப்பில் சின்னப் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுத்தருகிறார்கள். சென்னைத் துறைமுகத்துக்குள் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911 முதல் இருக்கிறது. இரண்டுமே உங்களுக்கு ஆகாது. அங்கே கையில் ஒரு கயிற்றைக் கொடுத்துவிடுவார்கள். காற்று திரும்பினால் நீங்களும் திரும்ப வேண்டும். கயிறு சிக்கினால் நீங்கள்தான் பிரிக்க வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் யார்மீது கோபப்படுவது?

ஆகவே ஆலப்புழை ஹவுஸ்போட். ஆஞ்சிலிப் பலகைகளை ஆணியில்லாமல் கயிற்றால் தைத்து, முந்திரித் தோட்டு எண்ணெய் பூசிச் செய்த கெட்டுவள்ளம், ஒரு காலத்தில் குட்டநாட்டு நெல்லை ஏற்றிக்கொண்டு கழி ஊன்றியும் பாய் விரித்தும் போனது. ரோடும் லாரியும் வந்து அதன் பிழைப்பைக் கெடுத்த பிறகு, படுக்கையறையும் டீசல் எஞ்சினும் வைத்து உங்களைப் போன்றவர்களுக்காகத் திருத்தி எடுத்தார்கள். பாய் போயிற்று. நீங்கள் செய்ய வேண்டியிருந்த வேலையும் அதோடு போயிற்று. இனி குறை சொல்வது ஒன்றுதான் பாக்கி.

2. குரூப் தொடங்குங்கள்

வாட்ஸாப்பில். மனைவி, மச்சினர் குடும்பம், ஆபீஸ் நண்பர் ஒருவர், அவர் கூட்டி வருவதாகச் சொல்லிக் கடைசியில் கூட்டி வராத இருவர் எல்லோரையும் சேருங்கள். பிறகு எக்செல் ஷீட் ஒன்று போடுங்கள். காயலைக் கால்மணிக் கூறுகளாகப் பிரியுங்கள். 2.15: பாதிராமணல் தீவு, பறவைகள். 2.30: பறவைகள் முடிவு. 2.45: இளநீர். 4.00: சூரிய அஸ்தமனம்.

சூரியன் ஆறரைக்குத்தான் மறையும் என்று மச்சினர் சொன்னால், "அது பஃபர், மாப்ளே" என்று சொல்லுங்கள்.

3. எல்லோரும் போகும் நாளில் போங்கள்

ஏப்ரல் 14-ஐ ஒட்டிய வாரம் உத்தமம். தமிழ்ப் புத்தாண்டு, அம்பேத்கர் ஜெயந்தி, பக்கத்திலேயே விஷு. அன்று படகுக்காரர் வீட்டிலும் பண்டிகை. பிள்ளைகள் கைநீட்டக் காசுக்குக் காத்திருக்கும். அதனால்தான் அவர் உங்களுக்காக வேலைக்கு வந்திருக்கிறார் என்பதை மறந்துவிட்டு, "விஷுன்னா சத்யா உண்டுல்ல? எக்ஸ்ட்ரா சார்ஜ் இல்லாம?" என்று முதல் போனிலேயே கேளுங்கள்.

அப்படியே வள்ளம்களியையும் கேட்டு வையுங்கள். நேரு டிராஃபி போட்டி ஆகஸ்டில்தான் என்பார்கள். விடாதீர்கள். அந்தப் போட்டியே 2018 வெள்ளத்தால் நவம்பருக்குப் போயிற்று. 2024-ல் வயநாட்டு நிலச்சரிவுக்குப் பிறகு செப்டம்பர் கடைசிக்குப் போயிற்று. அவ்வளவு தள்ளத் தெரிந்தவர்களுக்கு உங்களுக்காக ஏப்ரலுக்கு இழுக்கத் தெரியாதா?

4. ஆளைக் குறைத்துப் பேரம் பேசுங்கள்

வாடகையைக் குறைக்கச் சொல்வது எல்லோரும் செய்வது. நீங்கள் ஆட்களைக் குறைக்கச் சொல்லுங்கள். ஓட்ட ஒரு சிராங்கு, எஞ்சினுக்கு ஒரு டிரைவர், கயிறு கட்ட ஒரு லஸ்கர் என்று மூன்று பேர் எதற்கு? உங்கள் ஆபீஸில் ஒரே ஆள் மூன்று டீமுக்கு வேலை பார்க்கிறாரே! சட்டம் அப்படிச் சொல்கிறது என்றால் சட்டத்தை வாட்ஸாப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பினால் படிக்காதீர்கள்.

இந்த மூவரில் லஸ்கரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பத்தாம் படியில் அவர் தேவைப்படுவார்.

5. மடிவாளாவில் பஸ் ஏறுங்கள், தூங்காதீர்கள்

கேரளா போகும் ஸ்லீப்பர் பஸ் உங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் மடிவாளாவில் நிற்கிறது. அதைப் பிடிக்க ஒன்றரை மணி நேரம் முன்பு கிளம்பி, பத்து நிமிடம் தாமதமாகச் சேருங்கள். ஓசூர், சேலம், கோவை, வாளையாறு என்று ஊர்கள் தாண்டும்போதெல்லாம் லைவ் லொக்கேஷனை நான்கு பெர்த் தள்ளிப் படுத்திருக்கும் மச்சினருக்கு அனுப்பிக்கொண்டே இருங்கள். காலையில் ஆலப்புழையில் இறங்கும்போது கண்கள் சிவந்திருக்க வேண்டும். நல்ல கோபத்துக்கு நல்ல தூக்கமின்மை அஸ்திவாரம்.

6. படகுத்துறையில் அட்டவணையை எதிர்த்துப் போராடுங்கள்

புன்னமடையில் ஃபினிஷிங் பாயின்ட் ஜெட்டி. மதியம் பன்னிரண்டு வாக்கில் ஏற்றி, சாயங்காலம் ஐந்தரைக்குப் படகைக் கரையில் கட்டிவிடுவார்கள். மறுநாள் காலை சிறு சுற்று, ஒன்பதுக்கு இறக்கிவிடுவார்கள். பெரும்பாலான படகுகளில் ஏ.சி. இரவில் மட்டும்.

இது எதுவும் உங்களுக்கு முன்பே தெரியாது என்று சாதியுங்கள். புக் செய்யும்போது வந்த மெசேஜில் இருந்ததே என்றால், "அதுல ரீட் மோர் அழுத்தினாத்தானே தெரியும்" என்று திருப்பிக் கேளுங்கள். ஐந்தரைக்கு ஏன் நிறுத்த வேண்டும்? அதற்குப் பிறகு காயல் மீனவர்களுக்கு. அவர்கள் வலை விரிக்கும் நேரம். "நாங்க அட்வான்ஸ் கட்டியிருக்கோம், அவங்க கட்டினாங்களா?" என்பது உங்கள் பதில். மத்தியானம் உங்கள் தட்டில் விழுந்த கரிமீனுக்கும் அந்த வலைக்கும் சம்பந்தம் இருப்பதாக யாராவது சொன்னால் பேச்சை மாற்றுங்கள்.

7. திட்டம் மாறும். மாறவிடாதீர்கள்

மதியச் சாப்பாடு முடிந்ததும் சிராங்கு கிழக்கே பார்ப்பார். மலைப்பக்கம் மேகம் கறுத்திருக்கும். சித்திரையில் அங்கே இடிமழை அப்படித்தான், பிற்பகலில் வரும். அவர் சுக்கானிலிருந்து தலையைத் திருப்பிச் சொல்வார்:

"சாரே, காத்து வருது. இப்போ காயல் நடுவே போக வேண்டா. தோட்டு வழி நெடுமுடி, சம்பக்குளம் போகாம். அது நல்ல வழியாணு."

இதுதான் இந்த விடுமுறையின் அருமையான தருணம். தவறவிடாதீர்கள். எக்செல் ஷீட்டை எடுங்கள். பாதிராமணல் வரிசையைப் பெரிதாக்கிக் காட்டுங்கள். வெதர் ஆப்பையும் காட்டுங்கள். அதில் சூரியன் சிரித்துக்கொண்டிருக்கும். அந்தச் சூரியன் ஈஜிபுராவுக்கானது, லொக்கேஷனை மாற்ற நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்பதை உங்கள் பெண் கண்டுபிடித்துச் சொன்னால், அவளை உள்ளே போய் அம்மாவுக்கு உதவச் சொல்லுங்கள்.

இந்தக் காயலில் முப்பது வருடம் படகு விட்டவர் வானத்தைப் பார்த்துச் சொல்வதை, போனில் நான்கு சதவிகித சார்ஜ் வைத்திருப்பவர் மறுத்துப் பேசும் துணிச்சல் பள்ளிக்கூடத்தில் வராது. அது பெங்களூர் தந்த வரம்.

8. மாறிய வழியில் எதையும் பார்க்காதீர்கள்

சிராங்கு கேட்கமாட்டார். தோட்டு வழியே, அதாவது குறுகிய கால்வாய் வழியே, திருப்பிவிடுவார். இப்போது உங்கள் கடமை, இழந்ததையே நினைத்து இருப்பதைக் கோட்டைவிடுவது.

எச்சரிக்கை: வழி முழுக்க கவனத்தைச் சிதறடிக்கும் விஷயங்கள் உண்டு. கரைக்கு அந்தப் பக்கம் வயல், தண்ணீரைவிடத் தாழ்வாகக் கிடக்கும். நீங்கள் மேலே மிதக்க, அறுவடை மெஷின் கீழே ஓடும். படித்துறையில் உட்கார்ந்து ஒரு பாட்டி மீன் செதில் சீவ, நான்கு பூனைகள் வரிசை தப்பாமல் காத்திருக்கும். தாராக் கூட்டத்தை ஒற்றை ஆள் சின்ன வள்ளத்தில் துடுப்புப் போட்டு ஓட்டிப் போவார். வாத்துகள் தோட்டையே அடைத்துக்கொள்ளும், சிராங்கு எஞ்சினைத் தணித்து வழிவிடுவார். சம்பக்குளத்துப் பழைய மாதா கோயில் வளைவில் சட்டென்று எழுந்து நிற்கும்.

தலையைத் தூக்காதீர்கள். ரீஃபண்டுக்கான மெயிலை டைப் செய்துகொண்டிருங்கள். "என்னங்க, இங்க பாருங்களேன்" என்று மனைவி கூப்பிட்டால், "இது பேக்கேஜ்லயே இல்லம்மா" என்று சொல்லுங்கள். வாழைக்காய் சிப்ஸ் தீர்ந்ததும் பாக்கெட்டைத் தண்ணீரில் விடுங்கள். அது எங்கே போகும் என்பது பத்தாம் படியில்.

9. பழுது வரும். அதைத் தனிப்பட்ட அவமானமாக எடுத்துக்கொள்ளுங்கள்

எஞ்சின் சத்தம் திடீரென்று கம்மும். பின்னால் கறுப்புப் புகை. படகு முன்னே போகாமல் மெல்லத் திரும்பி, பச்சை மெத்தையாக அடர்ந்து கிடக்கும் வெங்காயத்தாமரைக்குள் மூக்கை நுழைக்கும். டிரைவர் எஞ்சினை அணைப்பார்.

"பாயல் கேறி, சாரே. கொழப்பமில்ல."

கொழப்பம் இல்லையென்று அவர் எப்படிச் சொல்லலாம்? கொழப்பம் உண்டா இல்லையா என்பதைப் பணம் கட்டியவர் தீர்மானிக்க வேண்டும். உடனே முதலாளிக்குப் போன் போடுங்கள்.

பாயல், அதாவது அந்த வெங்காயத்தாமரை, ஏன் வந்தது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்; கேட்டால் சுவாரசியமாகிவிடும். வேம்பநாட்டின் குறுக்கே தண்ணீர்முக்கத்தில் 1970-களில் முடித்த தடுப்பணை இருக்கிறது. டிசம்பர் வாக்கில் ஷட்டரை இறக்கிக் கடலின் உப்புத்தண்ணீர் ஏறாமல் தடுப்பார்கள். கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் குட்டநாட்டு வயலில் 'புஞ்ச' நெல் விளைய வேண்டுமே. அறுப்பு முடிந்தால்தான் திறப்பு. மீன்காரர்கள் "சீக்கிரம் திற" என்பார்கள். உப்பும் மீனும் உள்ளே வர வேண்டும். நெல்காரர்கள் "இன்னும் பொறு" என்பார்கள். அதுவரை உப்பில்லாத தண்ணீரில் வெங்காயத்தாமரைக்குக் கொண்டாட்டம். உப்பு ஏறினால்தான் அது சாகும். உங்கள் ப்ரொப்பெல்லரில் சுற்றியிருப்பது இந்தப் பழைய வழக்கின் நாலு முழம். நீங்களோ அதை ஆலப்புழைக்காரர்கள் உங்களைக் குறிவைத்துச் செய்த சதியாகவே நடத்துங்கள்.

10. ரிப்பேரை மேற்பார்வை பாருங்கள்

லஸ்கர் லுங்கியை இறுக்கிக் கட்டுவார். அடுப்படிக் கத்தியின் பிடியில் கயிறு கோத்து மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு பின்பக்கமாக இறங்குவார். ஒரு கையால் சுக்கானைப் பற்றியபடி மூச்சடக்கி உள்ளே போவார். குமிழி வரும். மேலே வரும்போது கையில் ஒரு கற்றை: கறுத்த வேர், நைலான் வலைத் துண்டு, சிமென்ட் சாக்கு நார், நடுவே பளபளவென்று ஒரு சிப்ஸ் பாக்கெட். அது உங்களுடையது அல்ல, பயப்படாதீர்கள். போன வாரம் உங்களைப் போல ஒருவர் விட்டது. உங்களுடையது அடுத்த வாரக்காரருக்கு.

அவர் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி உள்ளே போவார். இந்த நேரத்தில் நீங்கள் செய்ய வேண்டியவை:

ஒன்று, கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து நின்று, அவர் தலை தண்ணீருக்கு மேலே தெரியும்போதெல்லாம் "இன்னும் எவ்ளோ நேரம்?" என்று கேளுங்கள்.

இரண்டு, வீடியோ எடுங்கள். ஆதாரம்.

மூன்று, எஞ்சினைக் கொஞ்சம் ரிவர்ஸில் போட்டால் பாயல் தானாகக் கழன்றுவிடும் என்று யூடியூபில் பார்த்ததை டிரைவரிடம் சொல்லுங்கள். அடியில் ஆள் இருக்கிறார் என்று அவர் கையைக் காட்டினால், "நான் ஜஸ்ட் ஐடியா சொன்னேன்" என்று பின்வாங்குங்கள்.

நான்கு, அவர் ஏறி வரும்போது துண்டு எடுத்துக் கொடுக்காதீர்கள். துண்டு படகுக்காரர்களுடையதுதான்; ஆனால் இன்றைக்கு உங்களுக்கு வாடகைக்கு விட்டது.

11. கசிவைக் கண்டுபிடியுங்கள்

கிடைத்த ஓய்வில் எஞ்சின் அறையை எட்டிப் பாருங்கள். ஷாஃப்ட் படகைத் துளைத்துக்கொண்டு வெளியே போகும் இடத்தில் தண்ணீர் சொட்டும். "லீக்கேஜ்!" என்று கத்துங்கள். படகு முழுக்கக் கேட்க வேண்டும்.

டிரைவர் சொல்வார்: அங்கே பேக்கிங் அடைத்திருக்கிறது, ஷாஃப்ட் சுழலும்போது சொட்டுச் சொட்டாகக் கசிந்தால்தான் அதற்குக் குளிர்ச்சி. ஒரேயடியாக இறுக்கினால் பேக்கிங் கருகும், ஷாஃப்டில் வடு விழும். சேரும் தண்ணீரை இறைக்கப் பம்ப் இருக்கிறது. இதைக் கேட்டு ஏமாறாதீர்கள். உங்கள் வீட்டுக் குழாயில் சொட்டினால் பிளம்பர் என்ன செய்வார்? அதையே இங்கேயும் செய்யச் சொல்லுங்கள். நட்டை இறுக்கும்வரை நகராதீர்கள். நீங்கள் நகர்ந்ததும் அவர் பழையபடி தளர்த்திவிடுவார். அந்தத் தளர்ச்சியில்தான் நீங்கள் கரை சேரப்போகிறீர்கள். இது உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

12. பெரிய மாலுமிகளிடமிருந்து எதையும் கற்காதீர்கள்

உங்கள் பையன் படிக்கிற பையன். அபிலாஷ் டோமியைப் பற்றி ஆரம்பிப்பான். 2018 செப்டம்பரில் தனியாளாக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் போட்டியில், இந்தியப் பெருங்கடலின் தெற்கே புயலில் பாய்மரம் முறிந்து, முதுகெலும்பு அடிபட்டுக் கிடந்தவரைப் பிரெஞ்சுக் கப்பல் வந்து மீட்டது. மனிதர் 2022-ல் அதே போட்டிக்கு மறுபடி போனார். காற்றுச் சுக்கானின் பாகம் உடைந்தபோது கழிவறைக் கதவை அறுத்து உதிரிபாகம் செய்துகொண்டார். 236 நாளில் இரண்டாவதாக வந்து சேர்ந்தார்.

பையன் நிறுத்தமாட்டான். கடற்படைப் பெண் அதிகாரிகள் ஆறு பேர் 2017-18-ல் தாரிணி என்ற பாய்மரப் படகில் உலகைச் சுற்றியபோது, சுக்கான் பழுதாகி, பயணத் திட்டத்திலேயே இல்லாத மொரீஷியஸின் போர்ட் லூயியில் கட்டிச் சரிசெய்துகொண்டுதான் 2018 மே 21-ல் கோவா சேர்ந்தார்கள். அதே தாரிணியில் 2024-25-ல் புதுச்சேரிப் பெண் ரூபாவும் கோழிக்கோட்டுப் பெண் தில்னாவும் இரண்டே பேராகச் சுற்றிவிட்டு வந்தார்கள். கடலில் திட்டம் மாறுவதும் பழுது பார்ப்பதும்தான் பயணமே என்று அவன் முடிவுரை சொல்லப் பார்ப்பான்.

முடிக்கவிடாதீர்கள். "அவங்கல்லாம் டிரெயினிங் எடுத்தவங்கடா. நான் பணம் கட்டினவன்" என்று சொல்லுங்கள். பிறகு ஹவுஸ்போட்டின் கழிவறைக் கதவுத் தாழ் சரியாக விழவில்லை என்பதைப் புகார்ப் பட்டியலில் சேருங்கள்.

13. இருட்டிய பிறகு ஒரு ரவுண்டு கேளுங்கள்

ஐந்தரைக்குப் படகைத் தென்னைமரத்தில் கட்டுவார்கள். பாயலில் போன நேரத்தை ஈடுகட்ட "ஒரு ரவுண்டு மட்டும், சேட்டா" என்று கேளுங்கள். முடியாது என்பார். எல்லோரையும் ஒரே பக்கத்துக்கு வரச்சொல்லி, அஸ்தமனத்தோடு குரூப் செல்ஃபி எடுங்கள். சிராங்கு "பரவிப் பரவி நில்லுங்க" என்று பதறுவார். லைஃப் ஜாக்கெட்டைப் போட்டோவுக்காகக் கழற்றிவிட்டிருப்பீர்கள். அதைத் தலையணையாக வையுங்கள்.

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் ஏரிப்படகு கவிழ்ந்து 45 பேர் போனார்கள். யானையைப் பார்க்க ஒரு பக்கமாகக் கூடினார்கள் என்று அப்போது பேசப்பட்டது. 2023 மே 7 அன்று தானூரில் 22 பேர். ஏற்றக்கூடாத கூட்டம், ஓட்டக்கூடாத நேரம். இதையெல்லாம் சிராங்கு மறக்கவில்லை. அவர் அதைச் சொல்ல வாயெடுத்தால், "மூடைக் கெடுக்காதீங்க, அண்ணே" என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். சிரிப்பு முக்கியம்.

14. இரவை அறைக்குள் கழியுங்கள்

மழை வரும். காயல்மேல் வரும் மழை தூரத்திலிருந்து சத்தமாகக் கிளம்பி, தண்ணீரை நரைக்க வைத்துக்கொண்டே நெருங்கும். பாய்த்திரையைச் சுருட்டினால் முகத்தில் தூவானம் அடிக்கும். சுருட்டாதீர்கள். ஜெனரேட்டர் ஓடும் நேரத்தில் லேப்டாப்பைத் திறந்து, லீவில் இருக்கிறேன் என்று தெரிவிப்பதற்காகவே ஒரு மீட்டிங்கில் சேருங்கள். "போட்ல இருக்கேன், வாய்ஸ் பிரேக் ஆகுதா?" என்று நான்கு முறை கேளுங்கள். வெளியே முன்பக்கத்தில் சிராங்கும் மச்சினரும் பிள்ளைகளும் உட்கார்ந்து, கட்டங்காப்பி குடித்தபடி மின்னலுக்கும் இடிக்கும் நடுவே நொடிகளை எண்ணிக்கொண்டிருப்பார்கள். சிரிப்புச் சத்தம் கேட்கும். "கொஞ்சம் மெதுவா!" என்று குரல் கொடுங்கள்.

15. கணக்கை நேர்செய்யுங்கள்

காலையில் இறங்கும்போது, படகு நின்ற நிமிடங்களை வாடகையால் பெருக்கி, பயண நேரத்தால் வகுத்து, வந்த தொகையைக் கழிக்கச் சொல்லுங்கள். நின்ற நேரத்தில் நீங்கள் சாப்பிட்ட பழம்பொரியைக் கணக்கில் சேர்க்காதீர்கள். டிப்ஸை சிரித்துப் பேசிய சமையல்காரருக்குக் கொடுங்கள். லஸ்கர் கயிற்றை அவிழ்ப்பதில் மும்முரமாக இருப்பார். அதையே சாக்காக வையுங்கள்.

பிறகு ரிவ்யூ. ஒரு ஸ்டார். "நல்ல மனிதர்கள், ஆனால் புரொஃபஷனலிசம் இல்லை. சொன்ன இடத்துக்குக் கூட்டிப்போகவில்லை. படகு ரிப்பேர். வானிலை மோசம்." கூடவே மச்சினர் எடுத்த வாத்துக்கூட்டப் படத்தைப் போடுங்கள். அருமையான படம், நீங்கள் அதை நேரில் பார்க்கவில்லை.

16. ஊர் திரும்பியதும் உடனே மாறிவிடுங்கள்

கடைசிப் படி இது; இதில் சறுக்கினால் செய்ததெல்லாம் வீண்.

விடியற்காலை மடிவாளாவில் இறங்கி ஆட்டோ பிடியுங்கள். ஈஜிபுரா சிக்னலில் வண்டி நிற்கும். மேலே பாருங்கள்: 2017-ல் தொடங்கி, 2019-ல் முடிவதாக இருந்து, 2022-ல் ஒப்பந்தமே ரத்தாகி, 2023 கடைசியில் வேறு கைக்கு மாறி மறுபடி ஆரம்பித்த இரண்டரை கிலோமீட்டர் மேம்பாலம். பல வருடம் தூண்கள் மட்டும் நின்றன. அதன் அடியில் உங்கள் பையன் எல்.கே.ஜி.யிலிருந்து ஐந்தாம் வகுப்புக்கு வந்துவிட்டான். ஒரு நாளாவது இறங்கி நின்று "இன்னும் எவ்ளோ நேரம்?" என்று கேட்டிருக்கிறீர்களா? நிமிடங்களைப் பெருக்கி வகுத்து வரியில் கழிக்கச் சொன்னீர்களா? எக்செல் ஷீட்டைக் காட்டினீர்களா?

2024 மார்ச்சில் போர்வெல் வற்றியபோது டேங்கர் எப்போது வரும் என்று தெரியாமல் பக்கெட்டோடு நின்றீர்கள். ஓனரம்மாவுக்கு ஒரு ஸ்டார் கொடுக்கவில்லை. மே மாத மழையில் ராஜகாலுவே என்கிற மழைநீர்க் கால்வாய் பொங்கித் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றால், பைக்கைத் தூக்கிப் படிக்கட்டில் வைத்துவிட்டு, "பெங்களூர்ல இது சகஜம்தானே" என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சிரிப்பீர்கள். அந்தத் தண்ணீரிலும் பிளாஸ்டிக் உண்டு, அடைப்பு உண்டு, இறங்கிக் கையை விட்டு எடுக்க ஓர் ஆளும் உண்டு. அவரை நீங்கள் வீடியோ எடுப்பதில்லை.

அப்படியே இருங்கள். ஆட்டோக்காரர் எஞ்சினை அணைத்துவிட்டு, "தும்ப டிராஃபிக், சார்" என்பார். கோபப்படாமல் சாய்ந்து உட்காருங்கள். உங்களிடம் பொறுமைக்கு என்ன பஞ்சம்? ஆலப்புழையில் ஒரு பைசா அளவுகூடச் செலவழிக்காமல் அப்படியே கொண்டுவந்திருக்கிறீர்களே.